வாக்களிக்காதவர் சோம்பேறி என்றால், அடுத்த தேர்தலுக்கு எப்படி வந்தார்?

2025 பிப்ரவரி 3 (கேள்வி)

"தேசிய அரசியலில் மக்களுக்கு அக்கறையே போய்விட்டது. விடுமுறை விட்டாலும் வாக்குச்சாவடிப் பக்கம் வருவதில்லை. செய்தி பார்ப்பதில்லை. அமைச்சர் பெயர் கேட்டால் தெரியாது. இதற்குச் சோம்பேறித்தனத்தைத் தவிர என்ன காரணம் இருக்க முடியும்? வாக்களிக்காதவர்களுக்கு அரசுச் சலுகைகளை நிறுத்திப் பாருங்கள், ஒரே தேர்தலில் எல்லாம் சரியாகிவிடும்."

பிப்ரவரி 3, இரவு

சோம்பேறித்தனம் என்பது ஆளின் குணம். குணம் இரண்டு வருடத்தில் மாறாது. பிரான்சை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்றில் 47.5 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 2024இல் அவை திடீரென்று கலைக்கப்பட்டு அதே தேர்தல் மறுபடி நடந்தபோது 66.7 சதவீதம். இடையில் அந்த நாட்டுக்கு யாரும் சுறுசுறுப்பு மருந்து கொடுக்கவில்லை. 2022இல் அதிபர் தேர்தல் முடிந்த கையோடு வந்த வாக்கு அது. மேலே யார் என்பது தீர்ந்துபோயிருந்தது. 2024இல் யார் ஆளப்போகிறார்கள் என்பதே கேள்வியாக இருந்தது.

ஸ்காட்லாந்து இன்னும் தெளிவு. 2010 பொதுத்தேர்தலில் 63.8 சதவீதம். 2014இல் தனிநாடு வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் 84.6. சோம்பேறிகள் நான்கு வருடத்தில் திருந்திவிட்டார்கள் என்று சொல்வீர்களா?

நான் சொல்வது இவ்வளவுதான்: வராதவரைப் பார்ப்பதற்கு முன்னால், அவர் கையில் என்ன சீட்டைக் கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

பிப்ரவரி 4

"கைப்பேசியில் வாக்களிக்கவிட்டால் எல்லோரும் போடுவார்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். எஸ்டோனியாவில் கணினி வழியாக வீட்டிலிருந்தே வாக்களிக்கவிட்டு இருபது வருடம் ஆகிறது. உள்ளாட்சித் தேர்தலில் 2005இலும் நாடாளுமன்றத் தேர்தலில் 2007இலும் இணையவழி வாக்கு வந்தது. 2023இல் பதிவான வாக்குகளில் பாதிக்கும் மேல் இணையத்தில் போட்டவை. மொத்த வாக்குப்பதிவு? 2007இல் 61.9, 2023இல் 63.5. ஏற்கெனவே வந்துகொண்டிருந்தவர்கள் வீட்டிலிருந்தே போட ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் அது பெரிய வசதி என்பதை மறுக்கவில்லை. ஆனால் மனம் விட்டுப்போனவனை வசதி திருப்பிக் கொண்டுவராது.

பிப்ரவரி 6

வேலை இருந்தது, இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. அதற்குள் "உனக்குக் களம் தெரியாது, புள்ளிவிவரம் மட்டும் எழுதுகிறாய்" என்று ஒரு குற்றச்சாட்டு. சரி, களத்தைச் சொல்கிறேன்.

வாக்குச்சாவடிப் பணி பார்த்தவன் நான். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பட்டியலில் பெயர் தேடிக் கோடு போடுகிற வேலை. காலை ஏழு மணிக்கு வருகிறவர்கள் யார் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஓய்வுபெற்றவர்கள், வெளுத்த சட்டைக்காரர்கள், வருடக்கணக்காக ஒரே வீட்டில் இருப்பவர்கள். அடையாள அட்டை உறையில் பத்திரமாக இருக்கும். வரிசையில் நின்று பழகியவர்கள். அலுவலகங்கள் அவர்களைப் பயமுறுத்துவதில்லை. தினக்கூலிக்காரர்கள் மாலையில் வருவார்கள், வந்தால். வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களின் பெயர் பழைய முகவரியில் கிடக்கும். அங்கே போனால் "நீக்கப்பட்டது" என்று முத்திரை. ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று அறைகளுக்கு அலைந்துவிட்டு எங்களிடம் வந்தார். பட்டியலில் பெயர் இல்லை. "இல்லை என்று காலையிலேயே வாசலில் எழுதி ஒட்டியிருக்கலாமே" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அடுத்த முறை அவர் வரமாட்டார். கணக்கெடுப்பில் அவருக்கு "ஆர்வமின்மை" என்ற கட்டத்தில் டிக் போடுவார்கள்.

கடைசி ஒரு மணி நேரத்தில் முகவர்கள் மீதிப் பெயர்களை வைத்துக்கொண்டு வெளியே ஓடுவார்கள், இழுத்துக்கொண்டு வர. அப்படி அழைத்துவரப்பட்ட ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "இன்றைக்கு மட்டும் வண்டி வருகிறதே, மற்ற நாளில் இவர்கள் எங்கே இருப்பார்கள் ஐயா?" என்னிடம் பதில் இல்லை. விரலை நீட்டச் சொல்லி மை வைத்தேன்.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. அன்றைக்கு வந்த முகவர்களில் கட்சிக்காரர்கள் எத்தனை பேர், அன்றைய கூலிக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மக்கள் அரசியலை விட்டு விலகினார்கள் என்கிறோம். கட்சிகளும் தெருவை விட்டு விலகிவிட்டன. பிரிட்டனில் 1950களின் தொடக்கத்தில் கன்சர்வேடிவ் கட்சி தனக்கு 28 லட்சம் உறுப்பினர்கள் என்று சொல்லிக்கொண்டது. 2024இல் அதன் தலைவரைத் தேர்ந்தெடுக்கத் தகுதி பெற்றிருந்தவர்கள் 1,31,680 பேர். உறுப்பினர் என்றால் வருடம் முழுக்க அக்கம்பக்கத்தில் இருக்கிற ஒரு மனிதர். இருபதில் ஒரு பங்குகூட மிச்சமில்லை என்றால், உங்கள் கதவைத் தட்டுவது யார்? விளம்பரம்தான்.

பிப்ரவரி 7

திருத்தம், என் பதிவுக்கு அல்ல, ஏழாவது பதிலுக்கு. அமெரிக்காவின் 66 சதவீதத்தையும் (2020) இந்தியாவின் 66 சதவீதத்தையும் (2024) பக்கத்தில் வைத்து "இரண்டும் ஒன்றுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றல்ல. இந்தியக் கணக்கில் கீழே இருப்பது பட்டியலில் உள்ளவர்கள். அமெரிக்கக் கணக்கில் கீழே இருப்பது வாக்களிக்கத் தகுதியுள்ள எல்லோரும். பதிவு செய்யாதவர்களும் அதில் அடக்கம். பட்டியலை வைத்துக் கணக்கிட்டால் பட்டியலில் விடுபட்டவர்கள் யாருமே கண்ணில் படமாட்டார்கள். செத்தவர் பெயர் நீக்கப்படாமல் இருந்தால் அவரும் வாக்களிக்காத அலட்சியக்காரர் ஆகிவிடுவார்.

பிப்ரவரி 9

"என் ஒரு வாக்கால் என்ன ஆகும்?" என்பதற்கு எல்லோரும் அறம் பேசுகிறார்கள். கேள்வி கேட்பவர் கணக்குப்படி சரியாகத்தான் கேட்கிறார். பொருளியலாளர் ஆந்தனி டௌன்ஸ் 1957இலேயே இதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்: லட்சக்கணக்கான வாக்குகளில் என் வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பு ஏறத்தாழப் பூஜ்யம், போய்வரும் சிரமம் நிச்சயம், ஆகவே வாக்களிப்பதும், வாக்களிப்பதற்காகப் படித்துத் தெரிந்துகொள்வதும் நஷ்டம். கேள்வியில் கேலி செய்திருந்தீர்களே, அமைச்சர் பெயர்கூடத் தெரியாது என்று. டௌன்ஸ் கணக்கில் அந்த அறியாமை பகுத்தறிவானது.

உடனே ஒருவர் 2008 ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலைச் சொல்வார். நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றார். 2017இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில அவைத் தேர்தலில் ஒரு தொகுதி சமநிலையில் நின்று, ஒரு கிண்ணத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கி வென்றவரை எடுத்தார்கள். அவையில் ஒரு கட்சிக்குப் பெரும்பான்மையா, இரண்டுக்கும் சமபலமா என்பதையே அந்தச் சீட்டு தீர்மானித்தது. நல்ல கதைகள். ஆனால் லாட்டரியில் விழுந்தவர் கதையைச் சொல்லி லாட்டரி வாங்கச் சொல்வது போல இருக்கிறது. நாம் நினைவில் வைத்திருப்பதே அவை அபூர்வம் என்பதால்.

ஆக உண்மையான புதிர் வேறு. பலர் ஏன் வருவதில்லை என்பதைவிட, இத்தனை பேர் ஏன் வருகிறார்கள் என்பதுதான் விளக்கம் கேட்கிறது. அதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் ஒரு கடிதச் சோதனை. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிச்சிகனில் நடந்த கட்சி உள்தேர்தலுக்கு முன் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன், கிறிஸ்டோபர் லாரிமர் என்ற ஆய்வாளர்கள் வீடுகளுக்கு வெவ்வேறு கடிதங்கள் அனுப்பினார்கள். "வாக்களிப்பது உங்கள் கடமை" என்ற கடிதம் வாக்குப்பதிவை 1.8 சதவீதப் புள்ளிதான் உயர்த்தியது. இன்னொரு கடிதத்தில் அந்த வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் முந்தைய தேர்தல்களில் வாக்களித்தார்களா இல்லையா என்ற பட்டியல் இருந்தது. தேர்தல் முடிந்ததும் புதுப்பித்து அனுப்புவோம் என்ற வரியும் இருந்தது. அது 8.1 புள்ளி உயர்த்தியது. யாருக்கு வாக்களித்தார் என்பது அல்ல, வாக்களித்தாரா என்பது மட்டும். அங்கே அது பொது ஆவணம்.

கடமைக்கு ஒன்றே முக்கால், பக்கத்து வீட்டுக்காரர் பார்வைக்கு எட்டு. மனித இனம் பற்றி இதைவிடச் சுருக்கமான அறிக்கை நான் படித்ததில்லை.

பிப்ரவரி 9, சற்றுப் பிறகு

இல்லை, அந்தக் கடிதத்தை எல்லா ஊரிலும் அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாக்களித்தாரா என்று நமக்குத் தெரிவிக்கிற அரசு, அடுத்து எதைத் தெரிவிக்கும் என்று யோசியுங்கள்.

பிப்ரவரி 14

செய்தி பார்க்காதவர்கள் பற்றி. இங்கே என் அனுபவம் கொஞ்சம் சங்கடமானது. இத்தனை பேசுகிற நானே தொலைக்காட்சி அரசியல் விவாதங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். எட்டுக் கட்டங்களில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்துவதால் எனக்குத் தெரியவந்தது எதுவும் இல்லை; தூக்கம் மட்டும் கெட்டது. இப்போது காலையில் ஒரு நாளிதழ், அதோடு சரி. முன்பைவிடக் குறைவாகத் தெரிகிறதா என்றால், தெரியாமல் போன பெயர்கள் இருக்கின்றன. தெரியாமல் போன சட்டம் எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

நான் தனி ஆள் அல்ல. ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் பெயரில் ஆக்ஸ்ஃபோர்டில் இயங்கும் ஆய்வு மையம் பல நாடுகளில் கேட்டுப் பார்க்கிறது. செய்தியைச் சில சமயமோ அடிக்கடியோ தவிர்க்கிறேன் என்றவர்கள் 2017இல் 29 சதவீதம், 2024இல் 39. இவர்கள் எல்லோரும் அரசியலைக் கைவிட்டவர்களா? சிலர் அப்படி. சிலர் என்னைப் போல, இரைச்சலைக் கைவிட்டவர்கள்.

ஆனால் இதில் நான் வசதியாக ஒதுங்கிக்கொள்ள முடியாது. எனக்கு நாளிதழ் படிக்கும் பழக்கம் முன்பே இருந்தது. தொலைக்காட்சியை நிறுத்தியவுடன் கையில் எதுவும் மிஞ்சாதவர்தான் அதிகம். இந்தப் பகுதியில் கேள்வி கேட்டவருக்குப் பாதி மதிப்பெண் தருகிறேன்.

பிப்ரவரி 16

நோட்டா கேட்டவருக்கு. 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இந்தியாவில் வந்தது. மறுப்பைப் பதிவு செய்யலாம். விளைவு எதுவும் கிடையாது. மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் நோட்டா முதலிடம் பிடித்தாலும் அடுத்து வந்த வேட்பாளர்தான் வென்றவர். 2024இல் இந்தூர் மக்களவைத் தொகுதியில் முக்கிய எதிர்க்கட்சி வேட்பாளர் விலகிவிட, 2,18,674 பேர் நோட்டாவை அழுத்தினார்கள். இரண்டாம் இடம். ஒன்றும் நடக்கவில்லை.

கொலம்பியாவில், யாரும் வேண்டாம் என்று போடும் வெற்று வாக்குக்குப் பல் உண்டு. 2011இல் பெல்லோ என்ற நகரத்தின் மேயர் தேர்தலில் ஒரே ஒரு வேட்பாளர்தான் சீட்டில் மிஞ்சினார். பாதிக்கும் மேற்பட்டோர் வெற்று வாக்குப் போட்டார்கள். தேர்தல் செல்லாது என்றாகி மறுபடி நடத்த வேண்டியிருந்தது.

எதிர்ப்பைக் காட்ட ஒரு பொத்தான் கொடுத்துவிட்டு அதற்குப் பின்னால் மின்கம்பி இணைக்காமல் விட்டால், அழுத்தியவர் எத்தனை தடவை அழுத்துவார்?

பிப்ரவரி 20

முதல் கேள்வியில் இருந்த "சலுகையை நிறுத்துங்கள்" யோசனைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அது புதிதல்ல. பொலிவியாவில் வாக்களித்த சான்று இல்லாமல் தொண்ணூறு நாளைக்கு வங்கியில் காரியம் நடக்காது. பிரேசிலில் காரணம் சொல்லாமல் தவறவிட்டால் கடவுச்சீட்டுக் கிடைப்பது சிக்கல். பெல்ஜியச் சட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: பதினைந்து வருடத்துக்குள் நான்கு முறை வராவிட்டால் பத்து வருடம் வாக்குரிமை பறிபோகும். வாக்களிக்காததற்குத் தண்டனை, வாக்களிக்காமல் இருப்பது.

ஆஸ்திரேலியா இதைச் சத்தமில்லாமல் செய்தது. 1922இல் அறுபது சதவீதத்தைத் தொடவில்லை. 1924இல் கட்டாயச் சட்டம். ஒரு தனி உறுப்பினர் கொண்டுவந்த மசோதா, பெரிய விவாதமே இல்லாமல் நிறைவேறியது. 1925இல் 91 சதவீதம். அபராதம் இன்றைக்கும் இருபது டாலர்தான், சரியான காரணம் சொன்னால் அதுவும் இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது புதிதாக வந்தவர்கள் யார் என்பது. ஆந்தனி ஃபௌலர் என்ற ஆய்வாளர் மாநிலத் தேர்தல்களை வைத்துக் கணக்கிட்டார்: கட்டாயம் வந்ததும் தொழிலாளர்களின் கட்சியான லேபர் கட்சியின் வாக்கு ஏழு முதல் பத்துப் புள்ளி கூடியது, ஓய்வூதியச் செலவும் உயர்ந்தது. அதுவரை வராமல் இருந்தவர்கள் சராசரி மனிதர்கள் அல்லர், உழைக்கும் ஏழைகள். அவர்கள் வராதவரை அரசுக்கு அவர்கள் தேவையில்லை. தேவையில்லை என்று தெரிந்ததால் அவர்கள் வரவில்லை. இந்தச் சக்கரத்தைச் சோம்பேறித்தனம் என்ற ஒற்றைச் சொல்லில் மூடிவிட முடியாது.

சிலி நாட்டின் கதை இதைவிடச் சுவை. முன்பு அங்கே ஒரு விசித்திரமான ஏற்பாடு: பதிவு செய்வது விருப்பம், பதிவு செய்துவிட்டால் வாக்களிப்பது கட்டாயம். விளைவு, இளைஞர்கள் பதிவே செய்யவில்லை. வாக்காளர் பட்டியலுக்கு வருடாவருடம் நரை கூடியது. 2012இல் தலைகீழாக மாற்றினார்கள்: பதிவு தானாகவே, வாக்கு விருப்பம்போல. இளைஞர்கள் குவிவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வாக்குப்பதிவு பாதிக்கும் கீழே சரிந்தது. 2019இல் தெருவெல்லாம் போராட்டம். 2020இல் புதிய அரசியல் சாசனம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் பாதிப் பேர் வந்தார்கள், வந்தவர்களில் 78 சதவீதம் வேண்டும் என்றார்கள். 2021இல் அதை எழுதும் பேரவையைத் தேர்ந்தெடுத்தபோது பாதிக்கும் நன்றாகக் குறைவு. பேரவை எழுதி முடித்தது. 2022 செப்டம்பரில் இறுதி வாக்கெடுப்பு, இம்முறை கட்டாயம். 86 சதவீதம் பேர் வந்தார்கள். 62 சதவீதம் "வேண்டாம்".

எழுதியவர்கள் அதிர்ந்துபோனார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தது வந்த பாதியோடு. வராத மறுபாதியின் மனம் என்ன என்று அதுவரை எந்தப் பெட்டியிலும் எண்ணப்படவில்லை. வராதவர்கள் எல்லோரும் நம் பக்கம் என்று நினைக்கிற வழக்கம் எல்லாக் கட்சிக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் அவர்கள் ஒரு பக்கம் சாய்ந்தார்கள், சிலியில் இன்னொரு பக்கம்.

பிப்ரவரி 21

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். வாக்குப்பதிவு உயர்ந்தால் நல்லது என்ற தொனி வந்துவிட்டது. அதைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். சோவியத் தேர்தல்களில் 99 சதவீதத்துக்கும் மேல் வந்தார்கள், சீட்டில் ஒரே பெயர். 1933 மார்ச்சில் ஜெர்மனியில் 88.7 சதவீதம், அதற்குப் பிறகு ஹிட்லர் ஆட்சியில் நடந்தது தெரியும். கூட்டம் கூடுவது சில நேரம் ஆர்வம், சில நேரம் பயம். 2023இல் போலந்தில் 74 சதவீதத்துக்கும் மேல் வந்தார்கள். விரோட்ஸ்வாஃப் நகரின் ஒரு சாவடியில் விடியற்காலை மூன்று மணிவரை வரிசை நின்றது. அது எனக்கு மகிழ்ச்சி தந்தது. ஆனால் அமைதியான நாட்டில் அந்த அளவு வரிசை ஒவ்வொரு முறையும் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கமாட்டேன்.

சுவிட்சர்லாந்தில் வருடத்துக்கு நான்கு முறைவரை வாக்கெடுப்பு வரும். ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் பாதிக்குக் குறைவானவர்களே. ஆனால் எப்போதும் அதே பாதி அல்ல. தனக்குச் சம்பந்தப்பட்டது வரும்போது வருகிறார்கள், மற்றதை விடுகிறார்கள். எந்தக் காலத்திலும் வராதவர் அங்கே சிறுபான்மை. இதை அக்கறையின்மை என்று எழுதினால் சுவிஸ்காரர் சிரிப்பார்.

மார்ச் 2

பதினாறு வயதில் வாக்குரிமை பற்றிக் கேட்டவருக்கு: ஆஸ்திரியா 2007இல் கொடுத்தது. பதினாறு, பதினேழு வயதினர் பதினெட்டு முதல் இருபதுவரை உள்ளவர்களைவிட அதிகமாக வருகிறார்கள் என்பது அங்கே கண்டது. காரணம் சாதாரணம். பதினாறில் வீட்டில் இருக்கிறார்கள், பள்ளியில் இருக்கிறார்கள், யாராவது கிளப்பிக்கொண்டு போவார்கள். பத்தொன்பதில் புதிய நகரம், புதிய முகவரி, பட்டியலில் பெயர் இல்லை. முதல் இரண்டு மூன்று தேர்தல்களைத் தவறவிட்டவருக்கு அதுவே வழக்கமாகிவிடுகிறது.

மார்ச் 5

"சுற்றி வளைக்காதே, கட்டாயம் வேண்டுமா வேண்டாமா?"

வேண்டும், மூன்று நிபந்தனையோடு. பட்டியலில் பெயர் சேர்ப்பது அரசின் பொறுப்பாக இருக்க வேண்டும். குடிமகன் அலையக் கூடாது. வெற்று வாக்கு பாதியைத் தாண்டினால் பெல்லோவைப் போல மறுதேர்தல். அபராதம் ஆஸ்திரேலிய அளவுக்குச் சிறியதாக, வங்கி, கடவுச்சீட்டு, ரேஷன் எதிலும் கை வைக்காததாக. சலுகையை நிறுத்தினால் அடி விழுவது சலுகையை நம்பி வாழ்பவர் மேல்தான். வசதியானவர் வாக்களிக்காவிட்டாலும் அவருக்கு நிறுத்துவதற்கு எதுவும் இருக்காது.

முதல் நிபந்தனை இல்லாமல் மற்ற இரண்டை மட்டும் கொண்டுவந்தால் நான் எதிர்த்து வாக்களிப்பேன். பட்டியலில் பெயர் இல்லாத அந்தப் பெண்ணுக்கு அபராதச் சீட்டும் சேர்த்து அனுப்புவதற்கு எனக்கு மனமில்லை.